நிலையோடு வந்த கதவு

"நிலை, பிணைச்சல் எல்லாம் பூட்டித்தான் வரும். வாசலுக்குள்ள தூக்கி வைச்சால் சரி, அரை மணித்தியால வேலை" என்றார் கடைக்காரர். அந்த அரை மணித்தியாலத்துக்கு இன்று மூன்றாவது ஞாயிறு.

திருகோணமலைக் கரையோரம், உப்புவெளியில் அப்பா கட்டிய வீடு. அறை வாசலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மேலே சுவரோடு ஒட்டி நின்ற நூல், கீழே ஒரு விரல் தள்ளி நிற்கிறது. சுவர் சரிவு, தரையும் சரிவு. முழு வீட்டிலும் கதவு மட்டும்தான் நேர்.

சரி, பிணைச்சல் பக்கத்தை முதலில் நேராக்கி ஆப்புச் செருகினேன். ஆப்பை இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராகச் செருக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் நிலை முறுகும். முறுகியது. கதவைச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் இடைவெளி நிற்க வேண்டுமாம். எனக்கு ஒரு மூலையில் சுண்டுவிரல் போகிறது, மற்ற மூலையில் கடதாசிகூடப் போகவில்லை.

மச்சான் வந்து பார்த்துவிட்டு, "மாரிக்கு மரம் ஊதும், அப்ப வடிவா மூடும்" என்கிறான். ஊதினால் பிறகு திறக்காதே, மடையா!

இதற்குள் கடற்காற்று வேறு. பித்தளைப் பிணைச்சல் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இரும்புத் திருகாணிகள் இப்போதே செம்மஞ்சளாகிவிட்டன.

இப்போதைக்குக் கதவு தானாகவே திறந்துகொள்கிறது. அடியில் பழைய செருப்பொன்றை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.