ஸ்தோத்திர நாளில் தனியே எடுக்கப்படும் வசனம்

போர்க்காலத்து ஸ்தோத்திர ஆராதனைகளில் வேதவசனம் கையாளப்படும் விதம் குறித்து எனக்கு நெடுநாளாக ஒரு மனவருத்தம் உண்டு. போரிலிருந்து பிள்ளை உயிரோடு திரும்பிய தாய் ஆலயத்தில் முழங்காற்படியிட்டு நன்றி சொல்வதை எவரும் குறைகூற முடியாது. என் வருத்தம் பிரசங்கபீடத்தைப் பற்றியது. அங்கே ஒரு வசனம் அதன் அதிகாரத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு எதிரியின்மேல் எறியப்படுகிறது. அதே அதிகாரம் பேசுகிறவரைப் பற்றி என்ன சொல்கிறது என்பது சபைக்கு வாசிக்கப்படுவதேயில்லை.

அடிமை முறையைக் கைவிடாத தென்மாநிலங்களுக்கும் வடமாநிலங்களுக்கும் இடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் காலம் இதற்குத் தெளிவான சான்று. போர் வெடிப்பதற்கு ஐந்து மாதங்களுக்குள்ளாக, 1860 நவம்பர் 29 அன்று, நியூ ஆர்லியன்ஸ் நகரின் முதல் பிரஸ்பிட்டேரியன் சபையில் பெஞ்சமின் மார்கன் பாமர் ஸ்தோத்திர நாள் பிரசங்கம் செய்தார். அடிமை முறையைப் பாதுகாத்து நிலைநிறுத்துவது தென்மாநில மக்களிடம் கடவுள் ஒப்படைத்த பொறுப்பு என்பதே அதன் சாரம். அது அச்சாகிப் பல்லாயிரம் படிகள் பரவியது. அவர் எடுத்துக்கொண்ட ஆதார வசனங்கள் இரண்டு: சங்கீதம் 94:20, ஒரே அதிகாரமுள்ள தீர்க்கதரிசனப் புத்தகமான ஒபதியாவின் 7ஆம் வசனம்.

முதலாவது, கட்டளையினால் தீமையைப் பிறப்பிக்கிற கேடுள்ள சிங்காசனம் கர்த்தரோடு இசைந்திருக்குமோ என்று கேட்கிறது. பாமர் இதை, லிங்கன் தேர்தலில் வென்றதால் வடக்கின் கைக்குப் போகவிருந்த ஆட்சியை நோக்கித் திருப்பினார். ஆனால் அந்தச் சங்கீதத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பவர், விதவையையும் பரதேசியையும் திக்கற்ற பிள்ளைகளையும் கொல்லுகிறவர்களுக்கு எதிரான முறையீட்டையே அங்கே கேட்பார். லூசியானாவின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அப்போது அடிமைகளாக இருந்தார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை 1830ஆம் ஆண்டிலேயே அந்த மாநிலம் சட்டத்தால் தடைசெய்திருந்தது. கட்டளையினால் பிறப்பிக்கப்பட்ட தீமைக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு வேண்டுமா? அந்தச் சங்கீதத்தைத் தாங்களே வாசித்து மறுமொழி சொல்லக்கூடியவர்களின் கண்களிலிருந்தே வேதப்புத்தகத்தை மறைத்துவிட்டு, அதன் ஒரு வரியைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டது அந்தப் பிரசங்கபீடம்.

ஒபதியாவின் நிலை இன்னும் கடுமையானது. உன்னோடு உடன்படிக்கை செய்தவர்கள் உன்னை எல்லைமட்டும் துரத்திவிட்டார்கள் என்ற வரி, நட்பால் ஏமாற்றப்பட்ட தெற்கின் துயரமாகவே அந்தச் சபையாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அங்கே பேசப்படுகிறவன் ஏதோம், அதாவது யாக்கோபின் சகோதரனான ஏசாவின் வழிவந்த தேசம். சகோதரனாகிய யாக்கோபுக்குச் செய்த கொடுமையினிமித்தம் வெட்கம் உன்னை மூடும் என்ற தீர்ப்பு மூன்றே வசனங்கள் கழித்து வருகிறது. பாமர் தன் மக்களை ஏதோமின் இடத்தில் நிறுத்திவிட்டு, தீர்ப்பு வருவதற்கு முன்பாகவே வேதத்தை மூடிவிட்டார் என்றுதான் நான் கருதுகிறேன்.

போர் தொடங்கிய பின் ஸ்தோத்திர நாட்கள் அரசாணைகளாகவே வந்தன. மனாசஸ் போர்க்களத்தில் கிடைத்த வெற்றிக்காகத் தெற்கின் அதிபர் ஜெபர்சன் டேவிஸ் 1862 செப்டம்பர் 18ஐ ஸ்தோத்திர நாளாக அறிவித்தார். அதற்கு முந்தின நாள் ஆன்டீடம் சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 23,000 பேர் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போனார்கள். கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் வெற்றிகளுக்குப்பின் 1863 ஆகஸ்ட் 6 வடக்கிற்கு ஸ்தோத்திர நாளானது. அதே மாதம் 21ஆம் தேதி தெற்கிற்கு உபவாச நாள். வெற்றியைக் கடவுளின் ஒப்புதலாக வாசிக்கும் பழக்கம் வடக்கிலும் குறைவில்லாமல் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பழக்கத்திலிருந்து விலகி நின்ற வேதமேற்கோளை அந்தக் காலத்தில் நான் காண்பது ஆபிரகாம் லிங்கனிடம். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை பதவியேற்றபோது, இரு தரப்பும் ஒரே வேதத்தை வாசித்து ஒரே கடவுளிடம் ஜெபிக்கின்றன என்றார். மற்றவர்களின் முகத்து வேர்வையிலிருந்து தங்கள் அப்பத்தைப் பிழிந்தெடுக்கக் கடவுளின் உதவியைக் கேட்பது விசித்திரமே என்று சொன்ன அதே மூச்சில், குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்ற வசனத்தால் தன் தரப்பையும் கட்டுப்படுத்தினார். இந்தப் போர் வடக்கு, தெற்கு இரண்டிற்கும் வந்த தண்டனையாக இருக்கலாம் என்றார். சவுக்கடியால் சிந்திய ஒவ்வொரு துளி இரத்தத்திற்கும் ஈடாக வாளால் இரத்தம் சிந்தவேண்டியிருந்தாலும், கர்த்தருடைய நியாயங்கள் உண்மையும் நீதியுமானவை என்ற 19ஆம் சங்கீதத்தின் வரியையே சொல்லவேண்டும் என்றார். கடவுளின் நோக்கமும் தங்கள் நோக்கமும் வேறு என்று காட்டப்படுவதை மனிதர் விரும்புவதில்லை என்று சில நாட்களுக்குப்பின் ஒரு கடிதத்திலும் எழுதினார். ஆயர் ஒருவரின் வேலையை அன்று ஓர் அரசியல்வாதி செய்தார் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆயர்களால் இது முடியாததல்ல. பிரிட்டன் அர்ஜென்டினாவை வென்ற ஃபாக்லாந்து போருக்குப்பின் 1982 ஜூலை 26 அன்று இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் பேசிய கேன்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி, மாண்டுபோன அர்ஜென்டினா இளைஞர்களின் குடும்பங்களையும் ஜெபத்தில் நினைக்கச் சொன்னார். இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் போரிட்டு வீரப்பதக்கம் பெற்றவர் அவர். ஆளுங்கட்சியினர் சிலர் எரிச்சலடைந்தபோதும் அவரைக் கோழை என்று எவரும் சொல்லியிருக்க முடியாது.

எந்த நாட்டிலானாலும், இப்படிப்பட்ட நாளில் பேச அழைக்கப்படும் போதகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆதார வசனம் எதுவானாலும், பிரசங்கத்திற்கு முன்பு அந்தப் பகுதி முழுவதையும் சபையில் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். 94ஆம் சங்கீதத்தில் இருப்பவை 23 வசனங்கள், ஒபதியாவில் 21; எந்த ஆராதனையிலும் அதற்கு நேரம் இருக்கும்.