முதலில் அந்தக் குவெரியைக் காட்டு

போன வாரம் இரவு ஒன்பது மணி இருக்கும், டீமில் சேர்ந்து நான்கு மாதமே ஆன தம்பி ஒருவன் அழைத்தான். "அண்ணா, சர்ச் பண்ணா வேற பிராஞ்ச் கஸ்டமரெல்லாம் வர்றாங்க. காலைல இருந்து பாக்குறேன், ஒண்ணும் பிடிபடல." குரலே உடைந்திருந்தது.

கேஷை அழித்திருக்கிறான், லைப்ரரிகளைப் புதுப்பிக்கும் கம்போசர் அப்டேட் போட்டிருக்கிறான், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் பிளேடு ஃபைலை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான். டேட்டாபேஸுக்கு என்ன குவெரி, அதாவது என்ன கேள்வி, போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

நாங்கள் பயன்படுத்தும் பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாரவெல்லில் அதற்கு ஒரு வரி போதும். கடைசியில் கெட் (get) இருக்கும் இடத்தில் டூராஎஸ்கியூஎல் (toRawSql) போட்டு, திரையில் காட்டிவிட்டு நிற்கும் டிடி-க்குள் (dd) வைத்தால், டேட்டாபேஸின் மொழியான எஸ்கியூஎல்லில் முழுக் குவெரியும் மதிப்புகளோடு திரையில் வந்துவிடும். 2023-இல், பத்தாம் பதிப்பில் வந்த வசதி. அதற்கு முன்பெல்லாம் டூஎஸ்கியூஎல் போட்டு, கேள்விக்குறி இருக்கும் இடங்களில் மதிப்புகளை நாமே பொருத்திப் பார்ப்போம்.

போடச் சொன்னேன். வந்த நிபந்தனைகள் இவை: பிராஞ்ச் ஐடி 7, அண்ட் (and) பெயரில் தேடிய சொல், ஆர் (or) போன் நம்பரில் தேடிய சொல். எங்கேயும் அடைப்புக்குறி இல்லை. எஸ்கியூஎல்லில் ஆரைவிட அண்டுக்குத்தான் முன்னுரிமை. அதனால் முதல் இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, போன் நம்பர் தனியாக வெளியே நிற்கிறது. நம்பர் பொருந்தினால் எந்த பிராஞ்ச் கஸ்டமரும் வந்துவிடுவார். பெயரையும் நம்பரையும், நிபந்தனை எழுதும் வேர் (where) ஒன்றுக்குள் ஃபங்ஷனாக அடைத்தான். அடைப்புக்குறி வந்தது, ரிசல்ட் சரியானது. இரண்டு நிமிட வேலை.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுக்கும் முறைமேல்தான் வருத்தம். எஸ்கியூஎல்லை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு, அதை எழுதாமலே டேட்டாபேஸைக் கையாள லாரவெல் தரும் எலோகுவென்ட்டுக்கு நேரே போய்விடுகிறோம். வேர், வேர், ஆர்வேர் (orWhere) என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாக இருப்பதைப் பார்த்ததும் சரியாகத்தான் இருக்கும் என்று கண் நம்பிவிடுகிறது.

இரண்டு டேபிளைச் சேர்க்கும் ஜாயினிலும் இதே கதைதான். ஆர்டர்ஸோடு கஸ்டமர்ஸைச் சேர்த்துவிட்டு, எதெல்லாம் வேண்டும் என்று சொல்லும் செலக்ட் கொடுக்க மறந்தால், இரண்டு டேபிளின் ஐடியும் வரும். பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும். ஆர்டர் ஐடி என்று நினைத்து எடிட் லிங்கில் வைப்பது கஸ்டமர் ஐடியாக இருக்கும். அதே குவெரியை நேரடியாக டேட்டாபேஸில் ஓட்டிப் பாருங்கள், இரண்டு ஐடி காலமும் (column) கண்ணெதிரே இருக்கும்.

எரர் வந்தால் எனக்குப் பயமில்லை, எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும். எரரே இல்லாமல் தப்பான ரிசல்ட் வருவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நம்மை நம்பித் தன் போன் நம்பரைக் கொடுத்த ஒருவருடைய விவரம், சம்பந்தமே இல்லாத ஊரில் யாரோ ஒருவர் திரையில் தெரிகிறது. அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

புதிதாகச் சேருபவர்கள் முதல் இரண்டு வாரம் எஸ்கியூஎல் மட்டும் எழுதட்டும் என்று டீமில் கேட்டிருக்கிறேன். மறுநாள் காலை, நான் சொல்லாமலே தம்பி மற்ற சர்ச் பக்கங்களையும் திறந்து ஒவ்வொரு குவெரியாகப் பார்த்திருக்கிறான். இன்னும் மூன்று இடத்தில் அதே ஆர்வேர் இருந்தது.