எல்.என்.ஜி சுத்தமான கேஸ் எண்டா, எவ்வளவு லீக் ஆகுது எண்டு அளந்து காட்டட்டும்

நுரைச்சோலை மின் நிலையத்தில எரிக்கிற கரி வேணாம், கெரவலப்பிட்டி மின் நிலையத்துக்கு எல்.என்.ஜி (குளிராக்கித் திரவமாக்கி கப்பல்ல கொண்டு வாற இயற்கை எரிவாயு) வந்தா சுத்தமான கரண்ட் எண்டு இலங்கையில வாற அரசாங்கமெல்லாம் சொல்லுது. எரிக்கேக்க புகை குறைவுதான், அதை நான் மறுக்கேல்ல. ஆனா கிணத்தில இருந்து கப்பலேறி இங்க வந்து சேர முதல் வழியில எவ்வளவு கசியுது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல.

இந்த கேஸ் பெரும்பாலும் மீத்தேன். எரியாம அப்பிடியே காத்தில கலந்தா 20 வருஷக் கணக்கில காபனீரொட்சைட்டை விட 80 மடங்குக்கு மேல சூடாக்கும். 2012ல அமெரிக்காவில வந்த ஒரு ஆய்வு, கசிவு 3.2 வீதத்துக்குக் குறைவா இருந்தாத்தான் கரியை விட கேஸ் கரண்ட் முதல் நாளில இருந்தே நல்லம் எண்டு கணக்குப் போட்டுது. அப்ப, எல்லாமே அந்த ஒண்டு ரெண்டு வீதத்திலதான் கிடக்கு.

அந்த வீதம் எங்கால வருது எண்டு பாத்தா சிரிப்புத்தான் வரும். கனக்க இடத்தில அளக்கிறதே இல்ல, ஒரு வால்வுக்கு இவ்வளவு, ஒரு கம்ப்ரசருக்கு இவ்வளவு எண்டு எப்பவோ எடுத்த சராசரியை வச்சுக்கொண்டு எத்தனை வால்வ் இருக்கெண்டு எண்ணிப் பெருக்கி ரிப்போர்ட் எழுதிப்போட்டுப் போறது. கலியாணத்துக்கு எத்தனை கார்ட் குடுத்தம் எண்டு எண்ணி நாலால பெருக்கி சாப்பாட்டுக்குச் சொல்லுற மாதிரி.

கசிவு சராசரியாவா நடக்குது? நூறு வால்வ் ஒழுங்கா இருக்கும், ஒரு டாங்க் மூடி திறந்து கிடக்கும், இல்லாட்டி மிச்சக் கேஸை எரிக்கிறதுக்கு குழாய் நுனியில வச்ச சுடர் அணைஞ்சு கேஸ் அப்பிடியே போய்க்கொண்டிருக்கும். கசிவுகள்ல ஆகப் பெரிய 5 வீதமே மொத்தத்தில பாதிக்கு மேல விடுது எண்டு கண்டிருக்கினம். 2018ல அமெரிக்கக் கிணறுகளைச் சுத்தி நேர அளந்து பாத்த ஆக்கள் அரசாங்கக் கணக்கை விட 60 வீதம் கூட எண்டு சொன்னாங்க, உற்பத்தியில 2.3 வீதம். சுடர்ல 98 வீதம் எரிஞ்சுடும் எண்டு நம்பிக்கொண்டிருந்தவைக்கு 2022ல விமானத்தில போய் அளந்தா 91தான் வந்துது.

2021 கடைசியில சிலிண்டர் வெடிக்கத் தொடங்கினப்ப கொழும்பு ஃபிளாட் எல்லாத்திலயும் ரெகுலேட்டர்ல சவர்க்கார நுரை பூசிப் பாத்தம், ஞாபகம் இருக்கா? நுரை பொங்கினா லீக் எங்க எண்டு தெரியும், மணித்தியாலத்துக்கு எவ்வளவு போகுது எண்டு தெரியாது. கிணத்தடியில பிடிக்கிற இன்ஃப்ராரெட் கமராவும் அந்தளவுதான், புகை மாதிரிக் காட்டும், அதில இருந்து கிலோக் கணக்கு எடுக்கிறது கஷ்டம். எங்கட சிலிண்டர்லயாவது மணம் சேத்திருக்கு, கிணத்தில வாற மீத்தேனுக்கு அதுவும் இல்ல.

சட்டலைட் இருக்குத்தானே எண்டு கேப்பீங்க. இருக்கு, 2017ல இருந்து பெரிய கசிவெல்லாம் பிடிபடுது. ஆனா முகில் வந்தா தெரியாது, சின்னக் கசிவு தெரியாது, கடலுக்கு மேல சரியான கஷ்டம். 2024 மார்ச்ல இதுக்கெண்டே அனுப்பின மீத்தேன்சாட் எண்ட சட்டலைட் 2025 ஜூன்ல தொடர்பு அறுந்து போச்சு. அதால ஒண்டை நம்பி இருக்கேலாது, நிலத்தில கருவி, மேல விமானம், அதுக்கு மேல சட்டலைட் எண்டு மூண்டையும் வச்சு, ஒவ்வொரு சைட்டா, வருஷத்தில பல தடவை அளந்து, மேசையில போட்ட கணக்கோட ஒப்பிட்டுத் திருத்தோணும். மன்னார்க் கடல்ல 2011ல கண்டுபிடிச்ச கேஸை எடுக்கோணும் எண்டு கதைக்கிற ஆக்களுக்கும் சேத்துத்தான் சொல்லுறன், அங்க சட்டலைட் பாத்துக் குடுக்கும் எண்டு இருக்காதைங்கோ.

எல்.என்.ஜி டெண்டர்ல ஒரு பக்கம் கூட்டிப் போடுங்கோ, இந்தக் கப்பல் கேஸ் எந்தக் கிணத்தில இருந்து வந்தது, அங்க அளந்த கசிவு எவ்வளவு, அளந்தது ஆர். விலை ஏறும் எண்டு பயப்பிட வேணாம், ஐரோப்பாக்காரர் 2024ல சட்டம் போட்டு இறக்குமதி கேஸுக்கும் இதைத்தான் கேக்கத் தொடங்கிட்டாங்க, அவங்களுக்குக் குடுக்கிற பேப்பர்ல ஒரு பிரதியை எங்களுக்கும் தரட்டும்.