சாப்பிட்டாச்சா என்று இரண்டு வருடம் கேட்ட யாய்

பாங்காக் வந்து மூன்று மாதமே ஆன ஒரு தங்கை போன வாரம் கேட்டாள்: "அக்கா, தாய்லாந்துக்காரங்க பேசுற தாய் மொழி கத்துக்கணுமா? இங்கிலீஷே போதும்னு எல்லாரும் சொல்றாங்களே." வாட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கி நீண்டுகொண்டே போனது. அவளைப் போல இன்னும் பலர் இங்கே இருப்பதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் ஆங்கில எழுத்தில் அச்சடித்த "ஏழே நாளில் தாய்" வகைப் புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். எட்டு வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டுச் சொல்கிறேன்.

போதும் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சுகும்வித் பக்கம் வீடு. பிடிஎஸ் ரயிலில் ஆங்கில அறிவிப்பு. பருப்பும் புளியும் வாங்க இந்தியக் கடைத்தெருவான பாஹுரத். வெள்ளிக்கிழமை என்றால் சீலோமில் மாரியம்மன் கோவில். பிள்ளைகளுக்கு இன்டர்நேஷனல் ஸ்கூல். 90 நாளுக்கு ஒரு முறை குடிவரவுத் துறைக்கு முகவரி சொல்லும் வேலையைக்கூடக் கணவரின் அலுவலகத்திலேயே யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஒரு தாய்ச் சொல்கூடத் தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம். முதல் இரண்டு வருடம் நானும் அநேகமாக அப்படித்தான் ஓட்டினேன்.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஆன் நுட்டில் எங்கள் சோய் (சந்து) முனையில் ஒரு வயதான அம்மா தள்ளுவண்டியில் சோம் தம் என்ற பப்பாளிக்காய்ச் சாலட் இடித்து விற்பார். ஊர் வடகிழக்குத் தாய்லாந்தான ஈசான் பக்கம், ரோய் எட். மண் உரல், மர உலக்கை. பப்பாளிக்காயை இடது உள்ளங்கையில் ஏந்திக் கத்தியால் டக் டக் என்று கொத்திச் சீவுவார். பூண்டு, மிளகாய், காராமணி, தக்காளி, எலுமிச்சை, பனைவெல்லம் என்று ஒவ்வொன்றாக உரலில் விழும். உலக்கை ஒரு கையில் இறங்க, மறு கையில் இருக்கும் கரண்டி அடியிலிருந்து புரட்டிக் கொடுக்கும். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்வார். வாங்கச் சொல்கிறார் என்று நினைத்து, சிரித்துத் தலையாட்டிவிட்டு நடையை எட்டிப் போடுவேன். மீன் சாஸும் காய்ந்த இறாலும் போடுவார்கள், நமக்கு ஆகாது என்பது என் கணக்கு. இரண்டு வருடம், அநேகமாகத் தினமும், இப்படியே.

மூன்றாவது வருடம் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியையிடம் வாரம் இரண்டு நாள் படிக்கச் சேர்ந்தேன். நலம் விசாரிக்கும் பாடம் வந்தபோது அவர் சொல்லிக் கொடுத்த வாக்கியம், "கின் காவ் ரூ யாங்?" சோறு சாப்பிட்டாச்சா, இன்னும் இல்லையா? அந்த ஓசை எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாக அந்த அம்மா கேட்டது அதைத்தான். அவர் வாங்கச் சொல்லவே இல்லை. மதுரையில் எங்கள் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிகள் போகிற வருகிற பிள்ளைகளைக் கேட்பார்களே, "சாப்ட்டியாத்தா?" என்று, அதே கேள்வி. சாப்பிட்டியா என்று கேட்ட ஒரு கிழவிக்கு, ஒருநாள்கூட ஆச்சு என்றோ இல்லை என்றோ சொல்லாமல் போயிருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை நின்று, "கின் லேவ் கா. யாய் கின் ரூ யாங் கா?" என்று கேட்டேன். சாப்பிட்டுட்டேங்க, நீங்க சாப்பிட்டாச்சாங்களா? உலக்கையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

யாய் என்றால் அம்மாவின் அம்மா. எங்கள் வழக்கில் அம்மாச்சி. பழந்தமிழில் யாய் என்றால் என் தாய். தற்செயல்தான், ஆனாலும் கூப்பிடும்போது இதமாக இருக்கிறது. தாய் மொழியில் முன்பின் தெரியாதவரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் மூத்தவர் பி, இளையவர் நோங். அம்மாவுக்கு மூத்தவள் பா, இளையவள் நா. பெரியம்மா, சித்தி என்று பிரித்துப் பழகிய நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. பேச்சின் கடைசியில் பெண்கள் சேர்க்கும் "கா", ஆண்கள் சேர்க்கும் "க்ரப்" இரண்டையும் ஆங்கிலத்தில் எப்படி விளக்குவார்களோ தெரியாது. நம்மிடம் அதற்கு "ங்க" இருக்கிறது. "வாங்க", "சொல்லுங்க", அவ்வளவுதான். "மாய் பென் ராய்" என்றால் அச்சு அசலாகப் பரவாயில்லை.

அடுத்து எழுத்து. 44 மெய்யெழுத்து, ஐந்து தொனி (பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) என்று கேட்டதும் மலைக்க வேண்டாம். தாய் எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது, கெமர் பல்லவர் எழுத்திலிருந்து வந்தது. காஞ்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன எழுத்து. தாய் எழுத்துக்குப் பழைய சான்றாகக் காட்டப்படும், ராம்கம்ஹேங் மன்னருடையது எனப்படும் சுகோதாய்க் கல்வெட்டின் ஆண்டு 1292. அகரவரிசையை உரக்கச் சொல்லிப் பாருங்கள்: க வரிசை முடிந்து ங, ச வரிசை, ட வரிசை முடிந்து ண, த வரிசை முடிந்து ந, ப வரிசை முடிந்து ம, அப்புறம் ய ர ல வ. இடையில் கூடுதல் எழுத்துகள் வந்தாலும் நாம் ஒன்றாம் வகுப்பில் பாடிய அதே தடம். பள்ளியில் ங வரிசையை முழுக்க எழுதிப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் அதில் தொடங்கும் சொல் ஒன்றைக்கூடப் பேசியிருக்க மாட்டோம். இங்கே பாம்பு என்றால் ஙூ. வேலை என்றால் ஙான். சுலபம் என்றால் ஙாய்.

நான் முதன்முதலாகத் தெருவில் எழுத்துக் கூட்டிப் படித்தது ஒரு மஞ்சள் கொடியை. வருடத்தில் ஒரு பருவம் சீன வம்சாவளியினர் சைவ நோன்பு இருப்பார்கள். அப்போது கடை கடையாக மஞ்சள் கொடி பறக்கும், நடுவில் சிவப்பாக இரண்டு குறிகள். முதல் குறி ஏகாரத்துக்கான கொம்பு. அதையடுத்து மெய். சேர்த்தால் ஜே. தமிழில் ஜே எழுதிப் பாருங்கள்: முதலில் கொம்பு, அப்புறம் ஜ. உயிர்க்குறி எழுத்துக்கு முன்னால் வருவதை வெளிநாட்டு மாணவர்கள் பலர் முதல் தடையாகச் சொல்கிறார்கள். நமக்கு அதில் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. அந்தக் கொடி பறக்கும் கடையில் மீனும் இல்லை, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. வீட்டுக்கு மாமியார் வந்திருந்தபோது அந்த இரண்டு குறிதான் எங்களுக்குத் துணை.

ஆங்கில எழுத்தில் தாய் படிக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது வருடம் மகனுக்குக் காய்ச்சல். கிளினிக் எவ்வளவு தூரம் என்று சோய் முனையில் ஆரஞ்சு உடுப்பு போட்ட மோட்டார்சைக்கிள்காரரிடம் கேட்டேன். "க்லாய்" என்றார். புத்தகத்தில் க்லாய் என்றால் பக்கம் என்று படித்திருந்தேன். நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏப்ரல் வெயிலில் நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். குரல் மேலிருந்து சட்டென்று இறங்கினால் க்லாய் பக்கம். ஏறாமல் இறங்காமல் இழுத்தால் தூரம். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். தாய் எழுத்தில் இரண்டும் வேறு வேறு உருவம், ஒன்றின் தலையில் தொனிக் குறியும் நிற்கும், குழம்பவே முடியாது. மெய்களை மூன்று இனமாகப் பிரித்திருக்கிறார்கள்: நடு இனம் 9, உயர் இனம் 11, தாழ் இனம் 24. எந்த இனம், உயிர் குறிலா நெடிலா, எதில் முடிகிறது, மேலே குறி உண்டா என்று பார்த்தால் தொனி தானே வந்து நிற்கும். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பிரிக்கும் அடிப்படை வேறானாலும், எழுத்தை இனம் பார்த்துப் படிப்பது நமக்குப் பழகிய வேலை.

கடினமானது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். நம் ஒரே "ப" இருக்கும் இடத்தில் அவர்களுக்கு மூன்று ஒலி. பெரியம்மா என்ற பா-வும், பைத்தியம் என்று பொருள்படும் பா-வும் ஒரே தொனி. தொண்டை அதிர்வு மட்டும்தான் வித்தியாசம். ஆசிரியை ஒரு மெல்லிய காகிதத்தை என் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஒரு "ப"-வுக்குக் காகிதம் படபடக்க வேண்டும், ஒன்றுக்கு அசையக் கூடாது, மூன்றாவதுக்குத் தொண்டையில் வைத்த விரலில் அதிர்வு தெரிய வேண்டும். ஒரு மாதம் இதுவே பாடம். சலிக்காமல் செய்யுங்கள், இல்லையென்றால் மரியாதையாகக் கூப்பிட நினைத்து வைதுவிடுவோம்.

எழுத்து தெரிந்த பிறகு ஊரே வேறு மாதிரி தெரிந்தது. விமான நிலையத்தின் பெயரைச் சுவன்னபூம் என்கிறார்கள். எழுத்தைப் பார்த்தால் சுவர்ணபூமி முழுதாக இருக்கிறது. கடிகாரம் நாலிகா, நம் நாழிகை. சாப்பாடு ஆஹான், நேரம் வேலா, ஆசிரியர் க்ரூ, துன்பம் துக். தமிழிலிருந்து போனவை என்று மார்தட்ட வேண்டாம், வடமொழியும் பாலியும் அவர்களுக்கும் கொடுத்தன, நமக்கும் கொடுத்தன. ஆனால் படிக்கும்போது தெரிந்த முகங்களாக நிற்கின்றன. பெண்களின் பெயர்க் கடைசியில் வரும் "போன்" என்ற ஒலியை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு ஆபாசமாகச் சிரிக்கும் ஆட்களை, நம்மவர்கள் உட்பட, நிறையப் பார்த்திருக்கிறேன். தாய் எழுத்தில் அது இரண்டே எழுத்து. அந்தச் சொல்லின் மூலம் வர, அதாவது வரம். பிள்ளையை வரமாகப் பெற்றதாக ஒரு அம்மா வைத்த பெயர். அதைப் படிக்கத் தெரிந்த யாருக்கும் அந்தச் சிரிப்பு வராது.

மொழிபெயர்க்கப் போனில் செயலி இருக்கிறதே என்பார்கள். மருந்துச் சீட்டுக்கு நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சாப்பிட்டாச்சா என்று கேட்பவரின் முகத்துக்கு முன்னால் போனை நீட்ட முடியாது.

இன்னொன்றை மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். சென்னையில் பத்து வருடம் இருந்துவிட்டு "தமிழ் தெரியாது" என்று சொல்பவரைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது. எனக்கும் வரும், நியாயமான கோபம்தான். அதே நாம் இங்கே பத்து வருடம் இருந்துவிட்டு "சவாதீ கா" (வணக்கம்), "கோப் குன் கா" (நன்றி) இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். கடைக்காரருக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று அவர் எதிரிலேயே தமிழில் சலித்துக்கொள்கிறோம். "இன்னும் ரெண்டு வருஷத்துல கிளம்பிடுவோம், எதுக்கு?" என்று சொன்ன மூன்று குடும்பங்கள் எனக்குத் தெரியும். மூன்றும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. வந்த இடத்து மொழியைப் பேசு என்று ஊரில் கேட்கும் நமக்கு, இங்கே விலக்கு எங்கிருந்து வந்தது? காயல்பட்டினத்திலிருந்து மாணிக்க வியாபாரத்துக்கு வந்த பெரியவர்களைச் சீலோம் பக்கம் பாருங்கள். தரகரோடு தாயில் பேரம் பேசுவதைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இவ்வூர்க்காரர் என்று சொல்லலாம்.

எவ்வளவு நாள் ஆகும் என்று தங்கை கேட்பாள். எழுத்துக் கூட்ட எனக்கு இரண்டு மாதம் ஆனது, தயங்காமல் பேச ஒன்றரை வருடம். இன்னும் செய்தி வாசிப்பவர் வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடுகிறது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதுவதால் கண் பழக நாள் பிடிக்கும், நம் ஓலைச்சுவடியைப் படிப்பது போல.

யாய் இப்போது என்னைக் கண்டதும், "ப்ரிக் கீ மெட்?" என்பார். எத்தனை மிளகாய்? "சோங் மெட் கா, மாய் சாய் நம் ப்லா, மாய் சாய் குங் ஹேங்." இரண்டு போதும், மீன் சாஸ் வேண்டாம், காய்ந்த இறால் வேண்டாம். எனக்கென்று உரலைக் கழுவிவிட்டு இடிப்பார். நான் கேட்காமலே வேர்க்கடலை ஒரு பிடி கூடும்.

இந்த ஏப்ரலில், தாய்ப் புத்தாண்டான சொங்க்ரானுக்கு முந்தின நாள், மகனோடு அந்த வழியாகப் போனேன். வண்டியை நீலத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் ஒரு அட்டை, பேனாவால் எழுதியது. முன்பென்றால் கடை பூட்டியிருக்கிறது என்பதோடு நகர்ந்திருப்பேன். நின்று படித்தேன். "க்லப் பான்" என்று இருந்தது. பான் என்றால் வீடு, சொந்த ஊரையும் அப்படித்தான் சொல்வார்கள். கீழே, 20ஆம் தேதி திறப்பு.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றான் மகன்.

"யாய் ஊருக்குப் போயிருக்காங்கடா."