நம்ம காசைக் கேட்க நமக்கே ஓடிபி

வருமான வரி ரிட்டர்னுக்கு வழக்கமான கடைசி நாளான ஜூலை 31 நெருங்கினால் கீழக்கரை, தொண்டி பக்கம் பிரவுசிங் சென்டர் வாசலில் செருப்பு குவியும். பாதிக்குப் பாதி சபுராளிகளின், அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர்களின் கணக்கு. அவர்கள் உள்ளூர் வருமானத்தைப் போட்டு வைக்கும் என்.ஆர்.ஓ. டெபாசிட்டில் 60,000 ரூபாய் வட்டி வந்தால், செஸ் என்கிற கூடுதல் வரியோடு 31.2 சதவீதம், 18,720 ரூபாயை வங்கி பிடித்துவிடும். இங்கே வேறு வருமானம் இல்லாதவருக்கு வரியே கிடையாது. ஆனாலும் ரிட்டர்ன் போட்டால்தான் காசு திரும்பும். (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.)

அவசரத்தில் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவத்தைப் போட்டுத் தள்ளுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அது செல்லாது, ஐடிஆர்-2தான். ஏப்ரலிலேயே முந்தினாலும் வம்பு. கடைசிக் காலாண்டில் பிடித்த வரியின் (டிடிஎஸ்) கணக்கைக் கொடுக்க வங்கிக்கு மே 31 வரை நேரம். அதுவரை நம்மிடம் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியல் அரைகுறையாகத்தான் இருக்கும்.

அப்புறம் பெயர். பான் கார்டில் முகம்மதுக்கு ஒரு ஸ்பெல்லிங், பாஸ்புக்கில் இன்னொன்று. அக்கவுண்ட் வேலிடேட் ஆகாது, ரீஃபண்டும் வராது.

எல்லாம் முடிந்து வந்தால் ஆதார் ஓடிபி. ஆதாரில் பதிந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் அலமாரியில் செத்துக் கிடக்கும். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் வெரிஃபை பண்ண வேண்டும். நெட் பேங்கிங் இருந்தால் தப்பித்தார். இல்லையென்றால் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்துப் போட்டு, துபாயிலிருந்து பெங்களூர் வரி அலுவலகத்துக்குத் தபால்!

சொந்தக் காசை வாங்க, நான் நான்தான் என்று ஒரு செத்த சிம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. சுதந்திர தினத்துக்குச் சரியாக 15 நாள் முன்னால் இந்தக் கூத்து. யார் பார்த்த பொருத்தமோ.