சுண்ணாம்பு அழுக்கு இல்லை

அந்த வீடியோவை இரண்டு நாளாக எல்லோரும் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். மூன்று தடவை பார்த்தேன். கண்காட்சி மேடையில் நின்று, பாட்டிலில் இருக்கும் பனம்பாகை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "ஊர்ப்பக்கம் சுண்ணாம்பு தடவிய பானையில் பதநீர் பிடித்து, புகையில் வைத்துக் காய்ச்சுவார்கள், அதனால்தான் அழுக்குக் கறுப்பாக இருக்கும், எங்களுடையது சுத்தமானது" என்கிறார் அவர். கூட்டம் கைதட்டுகிறது. அவர் யார், எந்த நிறுவனம் என்று நான் எழுதப்போவதில்லை. கமெண்டில் நீங்களும் எழுத வேண்டாம்.

சுண்ணாம்பு அழுக்கு இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பனை உச்சியில் இருக்கிற பூங்குலையான பாளையின் நுனியைச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுகிறோம். சொட்டுச் சொட்டாக இறங்குகிற அந்த நீர், கலயத்தில் சுண்ணாம்பு இல்லையென்றால் விடிவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். காற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதில் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். சுண்ணாம்புதான் அதைத் தடுத்துப் பதநீரைப் பதநீராகவே வைத்திருக்கிறது. புளித்த பதநீரைக் காய்ச்சிப் பாருங்கள், எவ்வளவு கிண்டினாலும் கட்டியாகாது, பிசுபிசுவென்றே கிடக்கும். சுண்ணாம்பு கூடிப்போனால் நிறம் கறுத்து, நாக்கில் காரும். எவ்வளவு தடவ வேண்டும் என்பது என் அப்பாவின் விரலுக்குத் தெரியும். மழைமேகம் இருந்தால் ஒரு அளவு, வெயில் கொளுத்தினால் ஒரு அளவு. அந்தக் கணக்கைத்தான் அவர் மேடையில் நின்று அழுக்கு என்கிறார்.

வெளிநாட்டில் மேப்பிள் பாகு எப்படிச் செய்கிறார்கள் பாருங்கள் என்றும் சொல்கிறார். சரி, பார்ப்போம். கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் வெர்மாண்டிலும் குளிர்காலம் முடிகிற சமயத்தில்தான் அந்த மரத்தில் துளை போடுவார்கள். இரவில் உறைபனி, பகலில் இளவெயில். அந்தக் குளிரில் சாறு லேசில் புளிக்காது, அதனால் சுண்ணாம்புக்கு அங்கே வேலை இல்லை. எங்கள் தேரிக்காட்டுச் செம்மணலில் பதநீர் இறங்குவது பங்குனி, சித்திரை வெயிலில். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசலாமா? மேப்பிள் சாற்றில் இனிப்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான். நாற்பது லிட்டர் சாற்றை வற்றவைத்தால்தான் ஒரு லிட்டர் பாகு. முன்பு மரத்துக்கு மரம் வாளி தொங்கவிட்டு, விறகடுப்பில் காய்ச்சினார்கள். இப்போது காடு முழுக்கப் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது, பம்பு உறிஞ்சுகிறது, நம் வீட்டில் குடிதண்ணீருக்கு வைத்திருக்கிற ஆர்.ஓ. மாதிரியான இயந்திரத்தில் பெரும்பங்கு தண்ணீரை முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகும் கொதிக்க வைக்கத்தான் செய்கிறார்கள். ஏனென்றால் அந்த நிறமும் மணமும் சூட்டில்தான் வரும். வடிகட்டியில் வராது. பழைய வாளியின் படத்தையும் காட்டுக்குள் இருக்கிற காய்ச்சும் குடிசையின் படத்தையும் அவர்கள் தங்கள் பாட்டிலிலேயே போட்டு விற்கிறார்கள். தாத்தாவின் வாளியை அழுக்கு என்று சொல்லி வியாபாரம் செய்யவில்லை.

பனம்பாகின் கறுப்பும் அப்படித்தான். அது புகை இல்லை. இனிப்பு சூட்டில் முதிர்ந்து வருகிற நிறம். காற்றை உறிஞ்சி வெளியேற்றிய வெற்றிடக் கலனில் குறைந்த சூட்டில் வற்றவைத்தால் பொன்னிறமாக வரும், அதுவும் நல்ல பாகுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மணம் வேறு. கருப்பட்டியாக இறுகுவதற்கு முந்திய பாகை நாங்கள் கூப்பனி என்போம், அந்த மணம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசையில், அம்மா காய்ச்சுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் வெள்ளை நுரை குபுகுபுவென்று ஏறும். பொங்கி வழியப்போகிற நேரம் ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போடுவாள், நுரை அப்படியே அடங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் சத்தம் மாறும். சலசலவென்று கொதித்தது பொதக் பொதக் என்று கனத்துக் கொதிக்கும். அப்போது ஒரு சிரட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். பாகுக்கு ஒரு பதம், கருப்பட்டிக்கு ஒரு பதம். "ஏட்டி, கிண்டுறத விட்டுராத, அடி பிடிச்சிரும்" என்று துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரட்டைகளை அடுக்கப் போவாள். அவள் வலது மணிக்கட்டில் கொதிபாகு தெறித்த தழும்பு இன்னும் இருக்கிறது. பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைத்தால் பெரிது. அந்தப் பத்து லிட்டருக்கு என் அப்பா எத்தனை மரம் ஏறியிருப்பார் என்று மேடையில் நின்றவர் ஒரு வார்த்தை கேட்டாரா?

உடனே சிலர் வருவீர்கள். "சுத்தம் வேண்டாமா? பானையில் தேனீ மிதக்கிறதே" என்று. மிதக்கும். துணியில் வடிகட்டித்தான் அடுப்பில் ஏற்றுவோம். அதற்கு மேல் இதற்குப் பதில் இல்லை.

"கருப்பட்டியில் சீனி கலக்கிறார்களே" என்பீர்கள். இது நியாயமான கேள்வி, இதிலிருந்து நான் ஓடமாட்டேன். கலக்கிறார்கள். எங்கள் பக்கமே கலக்கிறார்கள். மூட்டை மூட்டையாகச் சீனி இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். சீனிப்பாகில் பேருக்குக் கொஞ்சம் பதநீர் ஊற்றிக் கட்டியாக்கி, பாதி விலைக்கு விற்றார்கள். அதே சந்தையில் அம்மா தன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். "அங்க பாதி வெலைக்குத் தாரானே" என்று கேட்டுவிட்டு எத்தனை பேர் நகர்ந்து போனார்கள் தெரியுமா? அப்படி நகர்ந்து போனவர்களின் பிள்ளைகள்தான் இன்று அசல் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்கிறார்கள். கலப்படம் செய்தவனைப் பிடியுங்கள். சுண்ணாம்பைத் தடவினவரைப் பிடிக்காதீர்கள்.

"நீ மட்டும் கோயம்புத்தூரில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாய், உன் வீட்டில் யார் மரம் ஏறுகிறார்கள்?" என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். யாரும் ஏறவில்லை. என் சித்தப்பா பனையிலிருந்து விழுந்து ஏழு வருடம் கட்டிலிலேயே கிடந்து செத்தார். அன்றைக்கே ஆச்சி சொல்லிவிட்டாள், அடுத்த தலைமுறையில் ஒருத்தன் திளாப்பை, மரம் ஏறக் காலில் மாட்டுகிற அந்தக் கயிற்று வளையத்தை, எடுக்கக் கூடாது என்று. நாங்கள் எடுக்கவில்லை. அதற்காக நான் பேசக் கூடாதா? நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்துப் போன தோலோடு அப்பா எங்களைப் படிக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில் என்னைப் பனையேறி மகள் என்று கூப்பிட்டவர்களுக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று தெரிகிறது, அதனால் சொல்கிறேன்.

மேப்பிள் மரத்தில் தரையில் நின்றபடியே துளை போடலாம். பனையில் பாளை இருப்பது உச்சியில். எந்தக் கலன் வந்தாலும், எத்தனை லட்சத்துக்கு இயந்திரம் வாங்கினாலும், இருட்டோடு எழுந்து ஒருவர் மேலே போய்ப் பாளை சீவினால்தான் அந்தப் பாட்டிலுக்குள் ஏதாவது இருக்கும். சாயங்காலம் மறுபடியும் ஏற வேண்டும். 2023ல் தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். அது அந்த மண்ணுக்கும் அந்தக் கைகளுக்கும் கிடைத்தது. அந்தக் கைகளைத்தான் மேடையில் அழுக்கு என்கிறார்கள், கைதட்டுகிறார்கள்.

நவீன முறை வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வரட்டும். காய்ச்சுவதற்கு எவர்சில்வர் தாச்சி வரட்டும், நீராவி அடுப்பு வரட்டும், பதம் பார்க்கிற கருவி வரட்டும். புகை குடித்துக் குடித்து அம்மாவுக்கு இப்போது மூச்சிரைப்பு. இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

நேற்று ஊருக்குப் போன் செய்தேன். என் தங்கை அந்த வீடியோவின் முதல் பாதியை, இயந்திரத்தைக் காட்டுகிற இடம் வரைக்கும், அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அதுக்கு வெறகு வேண்டாமாட்டி?"

வேண்டாம்மா என்றேன்.

"பொகையும் இருக்காதோ?"

இருக்காது என்றேன்.

"அப்பம் நல்லதுதான. நம்ம பக்கம் ஒண்ணு கொண்டுவரச் சொல்லு."

அதற்கு அடுத்து வருகிற பகுதியைக் காட்ட வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.