எங்கள் சுடலை யாருக்கும் கீழ்ப்படி இல்லை

சுடலை மாடன் மாதிரியான ஊர்க் காவல் தெய்வங்களைக் கேலி செய்து ஆன்மிகப் பேச்சாளர் ஒருவர் மேடையில் பேசிய காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இங்கே மறுபடி போடப்போவதில்லை, பேசியவர் பெயரையும் எழுதப்போவதில்லை. "சுருட்டும் சாராயமும் கேட்பது சாமியா, பேயா?" என்று அவர் கேட்டதும் அரங்கமே சிரித்ததே, அந்தச் சிரிப்புதான் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அவர் பேசியதைக்கூட மறந்துவிடுவேன். சிரித்தவர்களில் பலர் நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அவர்கள் ஊரிலும் சிலைக்குப் பதிலாகச் சாமியாகவே கும்பிடும் பீடமான ஒரு பூடம் இருக்கும், ஒரு மாடன் இருப்பான்.

அவர் கணக்குப்படி, கடவுளை நினைப்பதில் படிகள் இருக்கின்றனவாம். பலி வாங்கும் சாமி அடிப்படி. கோயில் சிலை அதற்கு மேலே. உருவமற்ற பரம்பொருள் உச்சி. அறிவு வளர வளர மனிதன் ஏறிக்கொண்டே போவானாம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: எங்கள் சுடலை கீழ்ப்படி இல்லை. யாரோ மிதித்து மேலே ஏறுவதற்காக அவன் அங்கே நிற்கவில்லை.

சுடலை கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும். பிள்ளை வரம் கேட்ட பார்வதி விளக்குச் சுடரை முந்தானையில் ஏந்தினாள், அது பிள்ளையானது. அந்தப் பிள்ளைக்குப் பால் பத்தவில்லை. ராத்திரி எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றது. இனிமேல் கயிலாயத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று பூமிக்கு அனுப்பிவிட்டார்கள். பசியோடு பிறந்து, அந்தப் பசிக்காகவே வீட்டை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளை. இப்படி ஒரு சாமியை மனதில் கண்டவர்கள் யாராக இருக்கும்? கடவுளுக்கு எதுவும் தேவையில்லை என்பது பெரிய தத்துவம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த சனங்களுக்கு, தங்களைப் போலவே பசிக்கிற சாமி வேண்டியிருந்தது. தாங்கள் சமைத்ததைத் தங்கள் கையால் வாங்கிச் சாப்பிடுகிற சாமி வேண்டியிருந்தது. இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு, மாமனார் வீட்டு மாடுகளைக் காப்பாற்றப் போய் வெட்டுப்பட்டுச் செத்த முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். யாரைத் தொட்டால் தீட்டு என்று ஊர் சொன்னதோ, அவர்கள் வீட்டுத் தொழிலையே சாமிக்குப் படைக்கும் பொருளாக்கிய சனங்களுக்குக் கடவுளைப் பற்றி யோசிக்கத் தெரியாதா?

எங்கள் ஆச்சி சுடலையைக் கும்பிட்டுப் பார்த்ததைவிட ஏசிப் பார்த்ததுதான் அதிகம். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று அவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நேராகப் பூடத்துக்குப் போய் உட்கார்ந்து, "ஏலே, எம்பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உனக்கு ஒரு முட்டைகூடக் கிடையாது, பாத்துக்கோ" என்று சத்தம் போட்டாள். பேயிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? மூத்த மகனிடம் பேசுகிற பேச்சு அது. சுந்தரர் சிவனைத் தோழனாக நினைத்து ஏசினார், மனைவி பரவையிடம் அவரைத் தூதுகூட அனுப்பினார். அதற்குப் பெயர் பக்தி. ஆச்சி ஏசினால் மட்டும் மூடத்தனமா?

2003 ஆகஸ்டில் 1950ஆம் வருடத்துப் பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்த அரசு உத்தரவு போட்டது நினைவிருக்கும். அந்த வருடக் கொடையில், அதாவது சுடலைக்கு எடுக்கும் திருவிழாவில், எங்கள் ஊரில் கிடா வெட்டவில்லை. பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவினார்கள். ஆச்சி அன்றைக்கு ராத்திரி தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "அவன் வெறும் வயித்தோட நிக்கான், எனக்கு எப்படிலே சோறு இறங்கும்?" என்றாள். 2004இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ராத்திரி அவள் முகத்தைப் பார்த்தவன் நான். மேடையில் சிரிக்கிறவர்களுக்கு அந்த முகம் தெரியாது.

சரி, உயிரைக் கொல்வது சரியா என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை நான் தள்ளமாட்டேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சித்தப்பா வள்ளலார் வழியில் போனவர், கறி தொடமாட்டார். பலி கொடுப்பதைக் கண்டு தன் உள்ளம் நடுங்கியதாக வள்ளலாரே பாடியிருக்கிறார். ஆமாம், நடுங்கினார். ஆடு, பன்றி, கோழிகளுக்காக அழுதார். மேடை போட்டுச் சிரிக்கவில்லை. 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார், அதற்குப் பிறகுதான் 1872இல் ஜோதிக்குச் சபை கட்டினார். அவருடைய கடவுள் ஒளி வடிவானவர், ஆனால் பசி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பாவும் வருடம் தவறாமல் கொடைக்கு வருவார். பொங்கல் பானைக்கு அடுப்பு எரிப்பார். வெட்டும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். திரும்பி வந்து, ஆச்சி அவருக்கென்று தனியாக எடுத்து வைத்த கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார். ஒருவர் சாமியை ஒருவர் பேய் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பிரியாணிக் கடையில் வரிசையில் நின்றுவிட்டு வந்து கிடாவுக்காகக் கண்ணீர் விடுகிறவர்களுக்கு மட்டும் நான் பதில் சொல்லப்போவதில்லை.

சாமிக்குச் சாராயம் வைப்பதே குடிப்பதற்கு ஒரு சாக்கு என்பார்கள். வருடம் முழுக்கக் குடிக்கிறவனுக்கு எந்த மாடன் அனுமதி கொடுத்தான்? எல்லாச் சாமியும் பொய் என்கிற நண்பர்களோடு எனக்கு இன்றைக்குச் சண்டை இல்லை. அவர்கள் எல்லாரையும் ஒரே மாதிரித்தான் மறுக்கிறார்கள்.

உருவம் இல்லாத கடவுளைக் கும்பிடுகிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. மேலப்பாளையத்து முஸ்லிம் நண்பனின் கடவுளுக்கு உருவமே இல்லை, அவன் ஒரு நாளும் எங்கள் பூடத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை. தெற்கே அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யா வழிக்காரர்கள், கடவுள் தங்களுக்குள்ளேயே இருக்கிறார் என்று தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன்னால் நின்று கும்பிடுகிறார்கள். எவ்வளவு பெரிய நினைப்பு அது! எனக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரிகிறது. படி வைத்து அளக்கிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை.

இதே பேச்சாளர் கண்ணப்பர் கதை சொல்லிக் கூட்டத்தை அழவைத்தவர். கண்ணப்பர் காளத்தியப்பருக்குக் கொடுத்தது என்ன? வாயில் இட்டு ருசி பார்த்த பன்றிக்கறி, வாயிலேயே கொண்டுவந்து உமிழ்ந்த தண்ணீர். திருமுருகாற்றுப்படையில் முருகனுக்குக் கிடாயின் ரத்தம் கலந்த அரிசியைப் படைக்கிறார்கள். நூலில் இருந்தால் கண்ணீர், எங்கள் ஊரில் இருந்தால் கைத்தட்டலும் சிரிப்புமா? சொல்லுங்கள், எங்கள் சுடலை எதில் கீழே?

இந்தப் பேச்சுகள் மேடையோடு நிற்பதில்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். எங்கள் கோயிலிலும் இந்த வருடம் பூடத்தை இடித்துவிட்டு நாலு கை வைத்த சிலை வைக்கலாம், சைவப் படைப்பாக மாற்றலாம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். சொல்வது என் கூடப்பிறந்தவர்கள் மாதிரி வளர்ந்த தம்பிகள். வெளியூரில் வேலை, கூட வேலை செய்கிறவர்களிடம் குலதெய்வம் யார் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறதாம். கூச்சம்! ஆச்சி இருந்திருந்தால் சுடலைக்குக் கொடுத்ததைவிடப் பெரிய ஏச்சு உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

தம்பிகளா, கோயில் வரி எவ்வளவு போட்டாலும் கட்டுகிறேன். மதில் கட்ட, வெள்ளையடிக்க, வில்லுப்பாட்டுக்காரர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் என் பங்கு உண்டு. பூடத்தை இடிக்கிற தீர்மானத்தில் என் கையெழுத்து இருக்காது. அடுத்த கூட்டத்துக்கு நேரில் வந்தே சொல்கிறேன்.